சுமைதாங்கிக் கல்லும் ஒரு கடைவாய்ப் பல்லும்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். முத்து விளைந்த கடலைத் தொட்டுச் சொல்கிறேன், உப்பு விளைகிற பாத்தியைத் தொட்டும் சொல்கிறேன். ஒரு சொல் பொய்யென்றால் தூத்துக்குடி உப்பளத்திலெல்லாம் நாளைக் காலை சீனி விளையட்டும், ஊர் முழுக்க மீன்குழம்பு இனிக்கட்டும். நடந்தது நடந்தபடி. கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. பல் உட்பட.

அந்தப் பல்லில்தான் அன்றைய பொழுது விடிந்தது.

மில்லர்புரத்துப் பல் டாக்டர் காலை பத்து மணிக்குத் துப்பறிவாளர் ஹாமிதின் இடப்பக்கக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். கழுவி, வெள்ளைக் காகிதத்தில் மடித்து, கல்யாண வீட்டுத் தாம்பூலம் மாதிரி அவர் கையிலேயே கொடுத்தார்.

"ஊசி மரப்பு சாயங்காலம் வரைக்கும் இருக்கும். சூடா எதுவும் குடிக்காதீங்க. ரொம்பப் பேசாதீங்க."

ஹாமிது பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஐம்பத்தாறு வயது, காயல்பட்டினத்துக்காரர். துபாய் விமான நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் தொலைந்துபோன பெட்டிகளைத் தேடிக் கொடுத்தவர். பெட்டியின் கைப்பிடியைப் பார்த்தே அதைத் தூக்கியவன் இடக்கையனா, வீட்டில் மாமியார் உண்டா என்று சொல்லிவிடுவார். ஊர் திரும்பியதும் அந்த வித்தையையே போர்டு எழுதி மாட்டிவிட்டார்.

வாசலில் ஆம்னி வேனில் விஜிலா காத்திருந்தாள். அவருடைய உதவியாளர், ஓட்டுநர், வாய். புன்னைக்காயல்காரி. மீன் ஏலத்தில் கூவிப் பழகிய தொண்டை. ரகசியம் பேசினாலும் எதிர் வீட்டில் கதவைத் திறப்பார்கள். ஹாமிதை அவர் ஊர் வழக்கப்படி 'காக்கா' என்பாள். அங்கே அண்ணனுக்கு அதுதான் பெயர்.

"என்ன காக்கா, பாதி மூஞ்சி லீவு போட்டுருக்கு?"

ஹாமிது ஏதோ சொன்னார். வாயிலிருந்து மாவு மாதிரி வந்தது.

"சரி விடுங்க. இன்னைக்கு நீங்க யோசிங்க, நான் பேசுதேன். எப்படியும் ரெண்டு வருசமா முழு மூஞ்சியும் மரத்துத்தான கெடக்கு. டாக்டரு பாதிக்குத்தான் ஊசி போட்டிருக்காரு. மிச்சப் பாதி உங்க சொந்தத் தயாரிப்பு."

ஷஃபீகா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. மனைவியை அடக்கம் செய்த அன்றும் அவர் வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஊரில் எல்லோரும் அதைக் கவனித்தார்கள்; முகத்துக்கு நேரே சொன்னவள் விஜிலா ஒருத்திதான். சொன்னதற்கு அவருக்கு வலிக்கவும் இல்லை.

வண்டி புறப்பட்டது.

*

விளாத்திகுளம் போகிற வழியில் தார்ச்சாலையிலிருந்து பிரிந்து கரிசல் காட்டுக்குள் ஒரு மண்பாதை போகிறது. வெயில் காலத்தில் பாளம் பாளமாக வெடித்திருக்கும், மழைக்காலத்தில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். கடற்கரையிலிருந்து முத்தும் உப்பும் கருவாடும் தலைச்சுமையாகவும் பொதிமாட்டிலும் மதுரைக்குப் போன பழைய பெருவழி அதுதான் என்று கண்டுபிடித்து, மூன்று வருடமாக அதே தடத்தில் நடந்து செருப்புத் தேய்ந்தவர் முனைவர் முத்துச்செல்வம். தொல்லியல் ஆய்வாளர். அன்றைய கட்சிக்காரரும் அவர்தான்.

"இதுதான் சார் ஏழாவது கல்" என்றார். பெற்ற பிள்ளையைக் காட்டுகிற குரல்.

இரண்டு கல்தூண். மேலே குறுக்கே ஒரு நீளக் கல். அவ்வளவுதான். தலைச்சுமையோடு நடந்து வருகிறவன், பிறத்தியார் கை உதவி இல்லாமல் பாரத்தை இறக்கி, மூச்சு வாங்கி, திரும்ப ஏற்றிக்கொள்வதற்காக வழியோரம் நட்ட சுமைதாங்கி. பாதையில் ஆறு கல் இருப்பதாக முப்பது வருடத்துக்கு முந்தைய ஆய்வில் பதிவு உண்டு. இரண்டு மாதத்துக்கு முன் பாதையோரத்தை மறைத்து நின்ற சீமைக்கருவேலை வெட்டியபோது ஏழாவது வெளிப்பட்டது.

"ஏழு கல்லையும் கோடு போட்டுச் சேர்த்தாச்சு. பாதையோட போக்கே தெரிஞ்சுபோச்சு. பேப்பர்லயும் வந்துருச்சு. இன்னைக்கு நாலு மணிக்குக் கிரேன் வருது. கல்லைப் பத்திரமா எடுத்துட்டுப் போய் புதுக் காட்சிக்கூடத்துல வாசல்லயே நிறுத்தப் போறோம். இந்த நேரத்துல பாருங்க, நேத்து இது கிடைச்சது."

ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். கல்லின்மேல் கூழாங்கல் வைத்து அமுக்கியிருந்ததாம். எழுத்து பெரிது பெரிதாக, கோணல் மாணலாக இருந்தது.

'இந்தக் கல்லை எடுக்க வேண்டாம். தேவைப்படுது.'

"யாருக்குத் தேவைப்படுது? மாவாட்டவா?" என்றாள் விஜிலா.

"மிரட்டல் மேடம் இது! யார்னு நாலு மணிக்குள்ள தெரியணும். நான் கிரேனைத் தூக்கச் சொல்ற நேரத்துல நாலு பேர் அரிவாளோட வந்து நின்னா?"

ஹாமிது ஏதோ முனகினார். விஜிலா மொழிபெயர்த்தாள்: "இந்த மாதிரிக் கல்லை யாரு, எதுக்கு நடுவாவன்னு கேக்காவ. நீங்க ரொம்பப் படிச்சவருன்னும் சொல்லுதாவ."

ஹாமிது இரண்டாவதைச் சொல்லவில்லை.

முத்துச்செல்வம் பாடம் எடுக்கும் குரலுக்கு மாறினார். "கர்ப்பிணியா இறந்துபோன பெண்கள் நினைவா உறவுக்காரங்க நடுறது. வயித்துச் சுமையை இறக்காமலே போயிட்டா இல்லையா? வழிப்போக்கர்கள் தங்கள் சுமையை இதுல இறக்கினா அவ சுமையும் இறங்கும்னு நம்பிக்கை. அறிக்கையில மூணாம் பக்கம் எழுதியிருக்கேன். பதினேழாம் நூற்றாண்டு வழக்கம். சரி, அடுத்த விஷயத்துக்கு வருவோம்."

விஜிலா நான்கு விநாடி பேசாமல் இருந்தாள். அவள் கணக்கில் அது மௌன அஞ்சலி.

ஹாமிது கல்லைச் சுற்றி வந்தார். இடுப்பு உயரம். கொஞ்ச தூரம் தள்ளியிருந்த ஆறாவது கல்லுக்கும் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார். அதுவும் இடுப்பு உயரம்தான். விஜிலாவின் தலையில் முத்துச்செல்வத்தின் கருவிப்பெட்டியை ஏற்றி, இறக்கச் சொல்லிச் சைகை காட்டினார்.

"இதுல எப்படிக் காக்கா இறக்க? முட்டி போடணும். பெறகு தூக்கிவிட ஒரு ஆளு வேணும். சுமைதாங்கியா இது, ஜெபம் பண்ற இடமா?"

"முதல்ல மார்பு உயரத்துக்கு மேல இருந்ததுதான். கரிசல் மண்ணு ஏறி ஏறி மூடிருச்சு" என்றார் முத்துச்செல்வம்.

ஹாமிது வேனிலிருந்து நீளக் கடப்பாரையை எடுத்துவந்து ஆறாவது கல்லின் காலோரம் இறக்கினார். வெடிப்பு வழியே மூன்றடி போயும் தூண் முடியவில்லை. ஏழாவதின் காலோரம் இறக்கினார். ஒன்றரை அடியில் தூண் முடிந்தது. அடியில் சல்லிக்கல் 'நங்' என்றது.

ஆறு கல்லும் மார்பு உயரத்துக்கு நின்று, வயதாகி இடுப்புக்கு இறங்கியவை. ஏழாவது பிறந்தபோதே இடுப்பு உயரம். பழைய கல்லைப் பார்த்துக் காப்பியடித்தவன், அது மண்ணில் புதைந்து நிற்பதைக் கவனிக்காமல் அளவெடுத்துவிட்டான். ஹாமிது தனக்குள் அப்படித்தான் முடிவு கட்டினார். அந்த முடிவு தவறு. ஆனால் அது தெரிய நாலு மணி ஆக வேண்டும்.

"மேல பாருங்க காக்கா, யாரோ டீ கிளாஸ் வச்ச தடம்" என்றாள் விஜிலா.

குறுக்குக் கல்லின் மேலே அழுத்தமான வட்டத் தடம் ஒன்று இருந்தது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட.

"ராட்சச டீ கிளாஸு. டீயும் ராட்சசனே போட்டிருப்பான்."

"சடங்குக் கலயம் வச்ச தடம். நூற்றாண்டுகளா வச்சு வச்சு உண்டானது" என்றார் முத்துச்செல்வம்.

"இது?" தூணும் குறுக்குக் கல்லும் சேர்கிற இடத்தில் மெல்லிய கருப்புப் படிவம் ஒன்றை விரலால் காட்டினாள்.

"கரிமச் சாந்து. கருப்பட்டியும் கடுக்காயும் கலந்திருக்கலாம். மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்பியிருக்கேன்."

விஜிலா நகத்தை விட்டு அதன் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். அரை அடி வந்தது. விட்டாள். 'டப்'பென்று திரும்பிப் போய் ஒட்டிக்கொண்டது.

இன்னொரு முறை இழுத்து விட்டாள். 'டப்.'

"சார்" என்றாள் விஜிலா மெதுவாக. "உங்க சாந்து இழுத்தா வருது, விட்டா போவுது. அந்தக் காலத்துலயே டயர் டியூப் இருந்துச்சோ?"

முத்துச்செல்வம் கருவிப்பெட்டியின்மேல் உட்கார்ந்தார். ஒரு ஆள் உட்கார்வது மாதிரி இல்லை. மூட்டையை வைத்தது மாதிரி இருந்தது.

"யாராவது பழைய கல்லைப் பிற்காலத்துல எடுத்து நிறுத்தியிருக்கலாம்" என்றார். "ஆளைக் கொண்டு வாங்க. அவர் வாயால சொல்லட்டும். நாலு மணிக்குள்ள வந்தா பேசலாம். இல்லாட்டி கல் வண்டியில ஏறிரும்."

ஹாமிது பிளேடால் அந்தக் கருப்பு ரப்பரில் ஒரு துண்டை அறுத்து எடுத்தார். துண்டின் நடுவில் பஞ்சர் ஒட்டு ஒன்று இருந்தது. எட்டு மூலையோடு.

*

வேனில் ஹாமிது பாதி வாயால் பேசினார். விஜிலா பாதையைப் பார்த்தபடி அதை நேராக்கிக் கேட்டுக்கொண்டாள். அவர் சொன்னதன் சாரம் இது. கல்மேல் கல் வைக்கிற கொத்தன் நடுவில் ரப்பர் வைக்க மாட்டான். கல்லை வண்டியில் ஏற்றி ஓட்டுகிறவன்தான் வைப்பான். பிரேக் போட்டால் வழுக்கக்கூடாது, ஓரம் உடையக்கூடாது என்று டியூபைக் கிழித்து அடியில் போடுவது அவன் பழக்கம். ஆடாமல் அசையாமல் மண்ணில் நிற்கப்போகிற கல்லுக்கும் கை தானாகப் போட்டிருக்கிறது. அப்படியென்றால் ஆள் துறைமுகத்துக்குக் கிரானைட் ஏற்றுகிற டிரெய்லர் ஓட்டுநர். யாரோ நிலத் தரகன் அவனை வைத்துப் 'பழைய பாதை' ஜோடிக்கிறான்.

"கடைசி வரி மட்டும் பாதி வாயால யோசிச்ச மாதிரி இருக்கு" என்றாள் விஜிலா. "நிலத் தரகன் 'தேவைப்படுது'ன்னு எழுத மாட்டான் காக்கா. 'ஜாக்கிரதை'ன்னு எழுதுவான்."

பைபாஸில் வரிசையாக ஐந்து பஞ்சர் கடைகள். முதல் மூன்றிலும் ஒட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். நான்காவது கடையில், தலையில் துண்டு கட்டி, லாரி டயர் ஒன்றைக் காலால் மிதித்துக் கழற்றிக்கொண்டிருந்த கிருபை, தூரத்திலிருந்து பார்த்தபடியே சொன்னாள்:

"ஏளா, அது என் ஒட்டுல்லா? எங்கன கெடச்சுது?"

"எப்படிக்கா பார்த்ததும் சொல்லுதீய?"

"நம்ம பிள்ளைய நமக்குத் தெரியாதா? எல்லாரும் ஒட்டை வட்டமா வெட்டுவாவ."

"நீங்க எட்டு மூலையா வெட்டுவீயளோ?"

"நானும் வட்டமாத்தான் வெட்டுதேன். என் கத்திரி பெருசு. அதுக்கு வட்டம்னா அதுதான்."

விஜிலா டீ வாங்கிக் கொடுத்தாள். மரப்பை மறந்து ஹாமிதும் ஒரு வாய் குடித்தார். டீ இடப்பக்கமாக வழிந்து சட்டையில் இறங்கியது. இறங்கியதே அவருக்குத் தெரியவில்லை.

"அண்ணாச்சிக்கு வாதமா?" என்று கிருபை இரக்கப்பட்டாள்.

"பல்லுக்கா. டியூபைச் சொல்லுங்க. யாருக்குக் குடுத்தீய?"

"பழைய டியூபை எல்லாவனும்தான் கேப்பான். ஒருத்தன் மட்டும் வாங்கி, அங்கன குழாயடியில உக்காந்து, சோப்பு போட்டுக் கழுவுனான். டியூபை எவனாச்சும் சோப்பு போட்டுக் கழுவுவானா? முன்னும் பின்னும், குழந்தையக் குளிப்பாட்டுத மாதிரி. ஒரு வருசத்துக்கு மேல இருக்கும். நல்லக்கண்ணுன்னு, டிரெய்லர்காரன். ஆத்தூர்ப் பக்கம் வயக்காட்டு ஊரு. முன்னல்லாம் தூரத்துல வரும்போதே அவன் பாட்டு கேக்கும். இப்ப டயரு வெடிச்சாக்கூட இறங்கிப் பார்த்துட்டு சும்மா நிப்பான். என்னடேன்னு கேட்டேன். டயரைப் பாருங்கக்கான்னான்."

"எங்க இருப்பாரு?"

"போர்ட் கேட்டு வெளிய கியூவுல. எல்லா வண்டி மூஞ்சியிலயும் எலுமிச்சம்பழம், மிளகாயெல்லாம் தொங்கும். ஒண்ணுமே தொங்காத வண்டி ஒண்ணு நிக்கும். அதுதான்."

கிளம்பும்போது கிருபை கேட்டாள்: "அவன் என்னளா தப்பு பண்ணினான்?"

"கல்லு நட்டிருக்காரு."

"அதுக்கெல்லாமா கேசு?"

*

துறைமுக வாசலுக்கு வெளியே டிரெய்லர்கள் ஒரு மைலுக்கு நின்றன. மேலே கடலைப் பார்க்காத கொக்குகள் மாதிரி பளுதூக்கிகள். பதினாறாவது வண்டியின் முகத்தில் எலுமிச்சம்பழம் இல்லை, மிளகாய் இல்லை, சாமி பெயர் இல்லை. கட்டிய கம்பி மட்டும் இருந்தது.

நல்லக்கண்ணு கேபினில் ஸ்டியரிங்மேல் இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்திருந்தார். வண்டி நின்றுகொண்டிருந்தது, ஆள் ஓட்டிக்கொண்டிருந்தார். நாற்பது வயதுக்குள். ஹாமிது டியூப் துண்டை நீட்டினார். அவர் அதைப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. பயப்படவுமில்லை. கண்ணாடியில் தன் முகத்தைத் தினமும் பார்க்கிற ஹாமிதுக்கு அந்த முகம் எங்கேயோ பார்த்த முகமாகத் தெரிந்தது.

"அந்தக் கல்லு நீங்க நட்டதா?" என்றாள் விஜிலா.

"ஆமா."

"சீட்டு எழுதுனது?"

"ஆமா."

விஜிலாவுக்கு ஏமாற்றமாகப் போயிற்று. குறுக்கு விசாரணைக்கு வழியெல்லாம் ஏழெட்டுக் கேள்வி தயாரித்து வைத்திருந்தாள்.

"யார் சொல்லி நட்டீய? எந்தத் தரகன்?"

"யாரும் சொல்லல."

"கல்லு எங்க கெடச்சுது?"

"ஏத்துமதிக்கு வந்ததுல ஓரம் போன கல்லு. வேண்டாம்னு யார்டுல ஒதுக்கிட்டாவ. கேட்டேன், குடுத்தாவ. கிரேன் ஓட்டுத கூட்டாளி ஒருத்தன் இறக்கி வச்சுக் குடுத்தான்."

"நாலு மணிக்கு அதைத் தூக்கிட்டுப் போறாங்க அண்ணாச்சி. காட்சிக்கூடத்துல வைக்க. நீங்க வந்து சொன்னாத்தான் நிக்கும்."

நல்லக்கண்ணு கொஞ்சநேரம் முன் வண்டியின் பின்விளக்கைப் பார்த்தார். பிறகு கிளீனரிடம் சாவியைக் கொடுத்தார். கேபினுக்குப் பின்னாலிருந்து இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினார். வேனில் ஏறி, கேனை மடியில் வைத்துக்கொண்டார்.

"தண்ணி எதுக்கு? வண்டியில இருக்கே" என்றாள் விஜிலா.

"இருக்கட்டும்" என்றார்.

கண்ணாடி வழியே ஹாமிது கேனின் அடிப்பாகத்தைப் பார்த்தார். வட்டம். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட. அதற்குப் பிறகு நாற்பது கிலோமீட்டருக்கு அவர் ஒன்றும் முனகவில்லை. நிலத் தரகனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. விஜிலா இரண்டு முறை ரேடியோவை வைத்து, இரண்டு முறையும் நிறுத்தினாள்.

*

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. கிரேன் வந்து நின்றிருந்தது. குறுக்குக் கல்லைச் சுற்றி மஞ்சள் பெல்ட் மாட்டியாகிவிட்டது. ஓட்டுபவர் கைப்பிடியில் கை வைத்தபடி பீடி பிடித்துக்கொண்டிருந்தார். முத்துச்செல்வம் அறிக்கையை மார்போடு அணைத்திருந்தார்.

நல்லக்கண்ணு யாரையும் பார்க்கவில்லை. கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்து வந்து, பெல்ட்டுக்குப் பக்கத்தில், அந்த வட்டத் தடத்தின்மேல் சரியாக இறக்கி வைத்தார். இரண்டடி தள்ளி நின்றார். கையைக் கட்டிக்கொண்டார்.

நூற்றாண்டுகளாக வைத்த சடங்குக் கலயம் வெயிலில் பிளாஸ்டிக்காகப் பளபளத்தது.

"இவருதான் சார்" என்றாள் விஜிலா.

முத்துச்செல்வத்துக்குக் கோபம் வந்தது. மூன்று வருடக் கோபம். "என்ன வேலைங்க இது? ஒரு பழமையான பாதையில போலிக் கல்லை நட்டு... எதுக்குங்க நட்டீங்க?"

நல்லக்கண்ணு அவரைப் புரியாமல் பார்த்தார். இவ்வளவு படித்தவருக்கு இது தெரியாதா என்கிற பார்வை.

"எதுக்கு நடுவாவளோ அதுக்குத்தான்" என்றார்.

முத்துச்செல்வம் அறிக்கையைப் பார்த்தார். மூன்றாம் பக்கம் அவர் கையில்தான் இருந்தது. அவர் எழுதியதுதான். பதினேழாம் நூற்றாண்டு என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகும் பெண்கள் கர்ப்பமாகிறார்கள், சாகிறார்கள் என்பது அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை.

"சண்முகசுந்தரி" என்றார் நல்லக்கண்ணு. வண்டி நம்பர் சொல்கிற குரலில்தான் சொன்னார். "எட்டு மாசம். அவ அம்மை வீட்டுல விளாத்திகுளத்துல இருந்தா. வலி வந்துட்டுன்னு வாடகைக் காருல தூத்துக்குடிக்குக் கூட்டி வந்திருக்காவ. மெயின் ரோட்டுல பாலம் வேலை. இந்தப் பாதையில திருப்பி விட்டிருக்காவ. மழை. காரு இந்த இடத்துல கரிசல்ல பதிஞ்சுட்டு. நான் மதுரையில லோடு இறக்கிக்கிட்டிருந்தேன்."

அவ்வளவுதான். முற்றுப்புள்ளி வைத்த மாதிரி நிறுத்திக்கொண்டார்.

கிரேன்காரர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

"இங்க யாரு சுமையோட நடக்காவ?" என்று விஜிலா கேட்டாள். குரல் எதிர் வீட்டுக்குக் கேட்காது, பக்கத்தில் நின்ற ஹாமிதுக்கே சிரமப்பட்டுத்தான் கேட்டது.

"யாருமில்ல. அதான் நானே வாரேன். வாரத்துக்கு ரெண்டு நடை. மெயின் ரோட்டுல வண்டிய நிறுத்திட்டு, இதைத் தூக்கிட்டு நடந்து வந்து இறக்கி வைப்பேன். அஞ்சு நிமிசம். பெறகு எடுத்துட்டுப் போவேன். கல்லைக் கொண்டுபோயிட்டாவன்னா இறக்க இடமில்ல."

ஹாமிதுக்கு ஒரு கேள்வி பாக்கி இருந்தது. கேட்டார். வாய் கொஞ்சம் திரும்பியிருந்தது; மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"இடுப்பு உயரத்துக்கு ஏன் வச்சீங்க? மத்த கல்லெல்லாம் பார்த்து அளவெடுத்தீங்களோ?"

"மத்த கல்லை நான் பார்க்கல அண்ணாச்சி. எவ்வளவு உயரம் வைக்கணும்னு கூட்டாளி கேட்டான். எனக்குத் தெரியல." நல்லக்கண்ணு கையைத் தன் வயிற்றுக்கு நேரே, காற்றில், ஒன்றைத் தாங்குவது மாதிரி வைத்துக் காட்டினார். "அவளுக்குச் சுமை இந்த உயரத்துலதான இருந்துச்சு."

இருபத்திரண்டு வருடம் பெட்டி தேடியவருக்கு அன்றுதான் ஒரு கணக்குத் தப்பியது. தப்பியதில் வருத்தமும் வரவில்லை. வேறு ஏதோ வந்தது. எங்கே வந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

"சார்" என்றார் கிரேன்காரர். "தூக்கவா, வேண்டாமா?"

எல்லோரும் முத்துச்செல்வத்தைப் பார்த்தார்கள். ஏழாவது கல், பேப்பரில் வந்த படம், காட்சிக்கூட வாசல், எல்லாம் அவர் முகத்தில் வரிசையாக வந்து போயின.

"இது போலின்னு எழுதணும்" என்றார் பலவீனமாக.

"போலின்னா அது வேற ஒண்ணா நடிக்கணும்" என்றார் ஹாமிது. "இது சுமைதாங்கி. சுமையைத் தாங்குது. பழசுன்னு அவரு சொல்லல. கல்லும் சொல்லல. யார் சொன்னது?"

முத்துச்செல்வம் அறிக்கையைப் பிரித்து, பேனாவை எடுத்து, ஏழு என்று இருந்த இடத்திலெல்லாம் அடித்து ஆறு என்று எழுதினார். பதினோரு இடத்தில் இருந்தது. மூன்றாம் பக்கத்துக்கு வந்ததும் 'பதினேழாம் நூற்றாண்டு வழக்கம்' என்பதில் முதல் இரண்டு சொல்லையும் அடித்தார். 'வழக்கம்' மட்டும் மிஞ்சியது.

"பெல்ட்டைக் கழட்டுங்க" என்றார்.

பெல்ட் கழன்றது. கிரேன்காரர் இறங்கி வந்து ஒரு கையால் கல்லைத் தட்டிப் பார்த்து, "ரப்பர் போட்டது நல்லதுதான்" என்றார், தொழில் தெரிந்தவர்.

முத்துச்செல்வம் தோளில் கிடந்த லேப்டாப் பையைக் கழற்றினார். கொஞ்சம் தயங்கி, கேனுக்குப் பக்கத்தில் கல்லின்மேல் வைத்தார். விஜிலா தன் கைப்பையை வைத்தாள். அதில் என்னென்ன இருந்ததென்று அவளுக்கே தெரியாது; கல் தாங்கிக்கொண்டது.

ஹாமிது வெறுங்கையோடு நின்றார். பேண்ட் பையைத் தடவினார். சாவி வேனில் இருந்தது. சட்டைப் பையில் விரலை விட்டபோது காகிதப் பொட்டலம் தட்டுப்பட்டது. எடுத்தார். தண்ணீர் கேனுக்கும் லேப்டாப் பைக்கும் நடுவே, பார்த்து, நிதானமாக வைத்தார்.

"அஞ்சு நிமிசம்" என்றார் நல்லக்கண்ணு.

நின்றார்கள். கரிசலில் காற்று மட்டும் நடமாடிக்கொண்டிருந்தது. மூன்றாவது நிமிடத்தில் ஹாமிதின் இடத் தாடையில் 'சுருக்'கென்றது. பிறகு காதுவரை ஏறியது. டாக்டர் சொன்ன மரப்பு இறங்கிக்கொண்டிருந்தது. ஷஃபீகா கடைசியாகப் படுத்திருந்த கட்டிலின் கால்மாட்டில் ஒரு நாற்காலி கிடந்ததும், வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி போட்ட தான் அதில் மட்டும் ஒருநாளும் உட்காராததும், எதற்கென்று தெரியாமல் ஞாபகம் வந்தது. கன்னத்தைத் தொட்டார். ஈரமாக இருந்தது.

"எச்சில்" என்றார் விஜிலாவிடம். "ஊசி போட்டதுல வழியுது."

எச்சில் கண்ணிலிருந்து வழியாது என்று விஜிலாவுக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை. அவளைத் தெரிந்தவர்கள் யாரும் இதை நம்ப மாட்டார்கள், ஆனால் சொல்லவில்லை.

ஐந்து நிமிடம் ஆனது. அவரவர் சுமையை அவரவர் எடுத்துக்கொண்டார்கள்.

ஒரே ஒரு தகவல் மட்டும் பாக்கி: ஹாமிதின் வாயில் இன்றைக்கும் முப்பத்திரண்டு பல்லும் இருக்கின்றன. நாளைக் காலை தூத்துக்குடி உப்பை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு மீன்குழம்பில் போடவும்.